சிலப்பதிகாரத்தில் பொய்க்கரி: குற்றமும் அதன் சுமையைத் தாங்கியோரும்

பாண்டிமாதேவியின் காற்சிலம்பு களவுபோனது சிலப்பதிகாரத்தின் மதுரைக்காண்டத்தை நகர்த்தும் நிகழ்ச்சி. ஆனால் அக்களவு எப்போது, எவ்வாறு நிகழ்ந்தது என்று இளங்கோவடிகள் விரித்துரைக்கவில்லை. தான் மறைத்துக்கொண்ட சிலம்பு பற்றிய செய்தி வெளிப்படுமுன் பழியைப் பிறன்மேல் ஏற்றிவிட வேண்டும் என்று பொற்கொல்லன் நினைக்கும் இடத்தில்தான் படிப்போர்க்கு அக்களவே தெரியவருகிறது. களவுபோன சிலம்பு பின்னர் என்னாயிற்று என்பதையும் காப்பியம் சொல்வதில்லை. பொருள் பறிபோனதைக் காட்டிலும் பொய்க்கரியே, அதாவது பொய்ச்சாட்சியே, காப்பியத்தின் கவனத்தைப் பெற்ற குற்றம் என்பதற்கு இம்மௌனம் ஒரு சான்று.

புகார் நகரின் நீதிமுறையைக் காட்டும் பகுதியும் இதனை உறுதிப்படுத்துகிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் சதுக்கப்பூதம் தன் பாசத்தில் அகப்படுவோரை அறுவகையினராக அறிவிக்கின்றது. தவவேடத்துள் மறைந்து தீயன செய்வோர், மறைவில் ஒழுக்கம் தவறும் பெண்டிர், அரசனுக்கு உட்பகையாகும் அமைச்சர், பிறர்மனை விழைவோர், பொய்க்கரி கூறுவோர், புறங்கூறுவோர் என்பன அவ்வகைகள். இப்பட்டியலில் கள்வர்க்கு இடமில்லை. பண்டசாலைப் பொதிகளைக் கவர்வோர்க்கு அதே காதை வேறொரு மன்றத்தை வைத்திருக்கிறது. வெள்ளிடை மன்றத்தில் கள்வன் தலையில் பொதியை ஏற்றி, கழுத்து நோவச் சுழலவைப்பதே தண்டனை; உயிர் போவதில்லை. பூதம் புடைத்துண்ணும் அறுவரையும் இணைப்பது மறைவு. வெளித்தோற்றத்தால் நம்பிக்கையைப் பெற்று, அந்நம்பிக்கையையே கருவியாக்குவோர் அவர்கள். பொருட்களவுக்கு நாணம், நம்பிக்கைக்களவுக்கு உயிர் என்ற அளவுகோல் புகாரில் நடைமுறையில் இருப்பதாக அடிகள் காட்டுகிறார். மதுரையிலோ சதுக்கப்பூதம் இல்லை. அங்கே களவுக்கு உயிர் விலையாகிறது, பொய்க்கரி தண்டிப்பாரின்றி நடமாடுகிறது.

சான்றின்மையே சான்றாதல்

கொலைக்களக் காதையில் பொற்கொல்லனின் வாதம் படிப்படியாக அமைக்கப்பட்டுள்ளது. கன்னக்கோலும் கவைக்கோலும் இன்றி, மந்திரத்தால் வாயிலோரைத் துயிலச்செய்து சிலம்பைக் கவர்ந்தவன் தன் சிறுகுடிலில் இருக்கிறான் என்று அவன் மன்னனிடம் கூறுகிறான். கோவலனிடம் களவுக்கருவி எதுவும் இராது என்பதற்கு இது முன்கூட்டியே சொல்லப்பட்ட விடை. காவலர் கோவலனைக் கண்டு, இவன் கொலைப்படும் தோற்றத்தினன் அல்லன் என்று ஐயுறும்போது, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் கள்வரின் துணைகளாக அடுக்குகிறான். தூதர் கோலத்தில் வாயிலில் இருந்து, பெண்வேடத்தில் உட்புகுந்து இளங்கோவின் ஆரத்தைக் கவர்ந்த கள்வன் ஒருவனின் கதையையும் சேர்த்துக்கொள்கிறான். கள்வனைப் போலத் தோன்றாமையே கைதேர்ந்த கள்வனின் இலக்கணம் என்று நிறுவப்பட்டபின், குற்றமற்றவன் தன்னை மெய்ப்பிக்க எந்த வழியும் எஞ்சுவதில்லை. களவுநூல் அறிவு முழுவதையும் பேசுபவனே கள்வன் என்பது காவலர் எவர்க்கும் தோன்றாதது இக்காட்சியின் கசப்பான நகை.

மன்னனின் ஆணை பெரும்பாலும் ஆராயாமல் இட்டதாகவே கண்டிக்கப்படுகிறது. அக்கண்டனம் சரியே எனினும், ஆணையில் ஒரு நிபந்தனை உண்டு: சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் என்பது அது. ஆகவே கேள்வி, அந்நிபந்தனையை யார் சரிபார்த்தார் என்பதாகிறது. காவலர்க்குச் சிலம்பின் வேலைப்பாட்டை விளக்கிக் காட்டுபவன் பொற்கொல்லனே. முறையிட்டவன், சாட்சி, பொருளை மதிப்பிடும் வல்லுநன், உண்மைக் கள்வன் ஆகிய நால்வரும் ஒருவனே. அவன் காட்டியது சிலம்பின் புறம். வழக்குரை காதையில் கண்ணகி உடைத்துக் காட்டுவது அதன் அகம். முத்தா மாணிக்கமா என்று பார்க்க ஒரு நொடி போதுமாயிருந்தது.

காவலரும் ஒரே நிறத்தினர் அல்லர். ஒருவன் ஐயுறுகிறான். இன்னொருவன், மழை நள்ளிரவில் நீலவுடைக் கள்வன் தன் வாளைப் பறித்து மறைந்ததை நினைவுகூர்ந்து, விட்டுவிட்டால் வேந்தன் நம்மை வருத்துவான் என்று அஞ்சுகிறான். அவ்வச்சம் பேசிமுடியாத நிலையில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான். தடுமாற்றத்தை முடித்துவைப்பது குடிமயக்கம்.

பழியின் வட்டம்

இக்குற்றத்தால் தாக்குண்டோரை நீர்ப்படைக் காதை கணக்கிடுகிறது. அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று மாதரி எரிபுகுகிறாள்; கவுந்தியடிகள் உண்ணாநோன்பால் உயிர் துறக்கிறார். கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் இறக்கின்றனர். தந்தையர் இருவரும் துறவு பூணுகின்றனர். சிலம்பை இழந்தவளான கோப்பெருந்தேவியே வழக்கு முடிந்த அவையில் கணவனுடன் உயிர் நீத்ததையும் இதனுடன் சேர்க்க வேண்டும். களவின் இழப்பு ஒரு காலணி. பொய்க்கரியின் இழப்போ களவு கொடுத்தவளையும் விழுங்குகிறது.

கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் கூறும் இரு கிளைக்கதைகளும் இதே குற்றத்தைப் பற்றியவை. மகன் அணிந்திருந்த அணிகலன்களைக் கண்டு பொறாமையுற்றோரால், படுபொருள் கவர்ந்தவன் என்று வார்த்திகன் சிறைப்படுகிறான். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயில் கதவு திறவாமையால் மன்னன் பிழையை உணர்ந்து, அவனுக்கு ஊர்கள் அளிப்பதோடு சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், கண்டெடுத்த பொருள் எடுத்தவர்க்கே உரியது என அறிவிக்கவும் செய்கிறான். தீங்கு செய்த அமைப்பைத் திருத்திய ஒரே நிகழ்ச்சி இது. மற்றொன்று முற்பிறப்புக் கதை. கோவலன் பரதனாக இருந்தபோது, வணிகன் சங்கமனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி சாபமிட்டு உயிர்விட்டாள். ஊழ்வினையை மெய்ப்பிக்க வந்த இக்கதை, மன்னன் மீதும் கொல்லன் மீதும் உள்ள பொறுப்பைத் தளர்த்திவிடுகிறது என்பது மறுக்கவியலாதது. ஆயினும் மூன்று கதைகளிலும் மெய்யைச் சுமந்து அலைபவள் பழிக்குள்ளானவனின் மனைவியே என்ற ஒழுங்கு, ஊழ் என்ற விளக்கத்துக்கு அடங்காமல் நிற்கிறது.

ஆயிரம் பொற்கொல்லர்

வஞ்சினமாலையில் கண்ணகி தீக்கடவுளுக்கு இடும் ஆணை பகுத்தறிந்து இடப்பட்டது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்கித் தீயோர் பக்கமே சேர்க என்கிறாள். நகரையே எரிக்கும் சினத்திலும் யார்மேல் தண்டனை விழவேண்டும் என்ற கேள்வி அவளிடம் இருக்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் செய்ததில் அக்கேள்வியே இல்லை. ஒரே பகலில் பொற்கொல்லர் ஆயிரவரை அவன் பத்தினிக்குப் பலியிடுகிறான். உரைபெறு கட்டுரை இதனைச் சாந்தி என்கிறது. அதன்பின் மழை பெய்து நோய் நீங்கியதாகவும் கூறுகிறது. கோவலனைக் கண்டபோது பொற்கொல்லன் பின்னே நுண்வினைக் கொல்லர் நூற்றுவர் வந்தனர் என்ற குறிப்பு உண்டு. அவர்க்கு அவன் களவு தெரியும் என்ற குறிப்பு எங்கும் இல்லை. கொற்கையில் மாண்ட ஆயிரவர்க்கு அக்குற்றத்தோடு இருந்த உறவு தொழில் ஒன்றே. உண்மைக் கள்வன் தனியே தண்டிக்கப்பட்டதாக ஒரு வரியும் இல்லாத காப்பியத்தில், அவன் தொழிலினர் மொத்தமாகத் தண்டிக்கப்படுகின்றனர். தோற்றத்தைத் தள்ளிவிட்டுக் கள்வன் என்ற பெயரைச் சூட்டியது கோவலனுக்கு நேர்ந்த அநீதி. பெயரை மட்டுமே பார்த்தது இவர்களுக்கு நேர்ந்த அநீதி.

இப்பலியைக் காப்பியத்துக்குள்ளிருந்தே மறுக்கும் பகுதி அடைக்கலக் காதையில் உள்ளது. பத்தினி ஒருத்திமேல் அவள் கணவனிடம் பொய்க்கரி கூறிய வறியவன் ஒருவனைச் சதுக்கப்பூதம் பற்றுகிறது. அவனுடைய தாய் படும் துயரைக் கண்ட கோவலன், என்னுயிரைக் கொண்டு இவனுயிரைத் தருக என்று பூதத்திடம் வேண்டுகிறான். நரகனுயிருக்கு நல்லுயிர் கொள்ளும் வழக்கமில்லை என்று பூதம் மறுத்து அவனைப் புடைத்துண்கிறது. கோவலனோ அழியும் உள்ளத்தோடு அத்தாயுடன் சென்று, இறந்தவனின் சுற்றத்தாரைப் பல்லாண்டுகள் பசியின்றிக் காக்கிறான். தண்டனையை அவன் பழிக்கவில்லை. தண்டனைக்குப் பிறகும் உண்ணவேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கண்டான். பொய்க்கரியால் சாகப்போகிறவன் பொய்க்கரியாளனின் வீட்டுக்குச் சோறிட்டவன் என்பதைவிடக் கூரிய முரண் இக்காப்பியத்தில் இல்லை.

அச்செயலைப் போற்றி எடுத்துரைப்பவன் மாடல மறையோன். கங்கைக்கரையில் செங்குட்டுவனுக்கு ஆயிரவர் பலியை எடுத்துரைப்பவனும் அவனே. தான் சொன்ன செய்தியைக் கேட்டு இறந்தவர்கள் இருந்தமையால் அப்பழி நீங்கவே கங்கையாட வந்ததாக அங்கே அவன் கூறுகிறான். சொல்லால் நேர்ந்த சில சாவுகளுக்கு நீராடும் அவன், வாளால் நேர்ந்த ஆயிரம் சாவுகளைத் தென்னவன் நாட்டுச் செய்தியாக மட்டும் சொல்லிக் கடக்கிறான். அவர்களுடைய தாயர் யார், சுற்றத்தார் யார் என்று செங்குட்டுவனும் வினவவில்லை.