குள்ளச் சிங்கமீன் லண்டன் வீட்டுக்குப் பொருந்துமா?

கடல்மீன் வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் சிங்கமீன் மேல் ஒரு கண் இருக்கும். விசிறியாக விரியும் துடுப்புகளும் உடல் முழுக்க ஓடும் செம்பட்டைகளும் பார்த்தவரை விடுவதில்லை. ஆனால் கடைகளில் பரவலாக விற்கும் பெரிய சிங்கமீன் ஓரடிக்கு மேல் வளரும். லண்டனின் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் அதற்கு ஏற்ற தொட்டியை வைக்க வழியில்லை. அங்கேதான் குள்ளச் சிங்கமீன் பேச்சுக்கு வருகிறது. வியாபாரத்தில் ஃபஸி என்று அழைக்கப்படும் டென்ட்ரோகைரஸ் பிராகிப்டெரஸ் 17 செ.மீ. வரை வளரும். சீப்ரா என்ற இன்னொரு குள்ள வகை 25 செ.மீ.யைத் தொடக்கூடும், ஆனாலும் பெரும்பாலும் 18 செ.மீ. அளவில் நின்றுவிடும். மூன்றாவது வகையான, மீசை வைத்த ஃபூ மான்சூ 13 செ.மீ.யைத் தாண்டாது. “சிறிய மீன், சிறிய தொட்டி போதும்” என்று விற்பனையாளர் சொல்கிறார். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை வாங்குகிறவர் பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். வீட்டுத் தொட்டியில் அடைக்கப்படும் கடல்மீன்களில் பல, இயல்பாக நாள் முழுக்க நீந்தித் திரிபவை. நீல டாங் மீனை நான்கடிக் கண்ணாடிக்குள் விட்டால் அது சுவருக்குச் சுவர் போய்த் திரும்புவதைப் பார்க்கவே மனம் கனக்கும். குள்ளச் சிங்கமீனின் வாழ்க்கை வேறு. பகலில் பாறை இடுக்கிலோ பஞ்சுயிரி ஓரத்திலோ அமர்ந்திருக்கும், பொழுது சாயும் வேளையில் வேட்டைக்கு எழும். இரையைத் துரத்தி ஓடுவதில்லை, துடுப்புகளை விரித்து மெல்ல நெருங்கி மூலைக்கு ஒதுக்கி ஒரே மடக்கில் விழுங்கும். ஆகவே 200 லிட்டர் தொட்டியில் ஃபஸியை வைப்பது, அதே தொட்டியில் டாங்கை வைப்பதைவிடப் பல மடங்கு நியாயமானது. இடத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், லண்டன் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கடல்மீன்கள் அதிகம் இல்லை என்றே சொல்வேன்.

இன்னொரு வலிமையும் உண்டு. இந்த மீனைப் பார்த்துக்கொண்டிருப்பதில் கற்பதற்கு நிறைய இருக்கிறது. வெளித்தோலின் மெல்லிய படலத்தை அவ்வப்போது உரித்து உதறும். சில வாரங்களில் தீனி கொடுப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடிக்கு அருகே வந்து நிற்கும். ஃபஸியில் ஆணின் தலை பெரிது, பக்கத்துடுப்பு நீளம், அதில் பட்டைகளும் கூடுதல். ஓர் ஆணோடு இரண்டு பெண்களை வைத்தால் அந்திப் பொழுதில் இணைசேரும் நடனத்தையும் காணலாம். இரண்டு ஆண்களை வைத்தால் சண்டைதான். பவளத்துக்குத் தேவையான கடும் வெளிச்சம் இதற்குத் தேவையில்லை என்பதால் மின்செலவும் ஓரளவு குறைகிறது.

இனி மறுபாதி. உடல் சிறியது என்பதால் தேவைகளும் சிறியவை என்று நம்புவதில்தான் தவறு தொடங்குகிறது. இது முழு ஊனுண்ணி. தன் நீளத்தில் பாதியளவுள்ள மீனைக்கூட விழுங்க முயலும். தொட்டியைத் துப்புரவாக வைக்கும் இறால்களும் சின்னஞ்சிறு கோபி மீன்களும் அதன் கண்ணுக்கு உணவு மட்டுமே. இறைச்சி தின்னும் மீன் வெளியேற்றும் கழிவும் அதற்கேற்ப அடர்த்தியானது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாமல் நைட்ரேட் ஏறுவதை நிறுத்த முடியாது. லண்டன் குழாய் நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கெட்டிலைத் திறந்து பார்த்தாலே சுண்ணாம்புப் படிவு தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை நைட்ரேட்டைச் சட்டமே அனுமதிக்கிறது. மனிதருக்குக் கேடில்லாத அந்த அளவு, கடல் தொட்டியைத் தொடக்கத்திலேயே பின்னடைவில் தள்ளிவிடும். எனவே நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி தேவை. சாதாரண வீட்டுக் கருவி ஒரு லிட்டர் தூய நீருக்கு மூன்று நான்கு லிட்டரைச் சாக்கடையில் விடும். ஹீட்டரும் பம்புகளும் சேர்த்துச் சராசரியாக 100 வாட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 876 யூனிட் மின்சாரம். 2022 அக்டோபரில் அரசு விலையைக் கட்டுப்படுத்திய பிறகும் யூனிட் சுமார் 34 பென்ஸாக இருந்தது. அந்தக் கணக்கில் ஏறத்தாழ 300 பவுண்டு. 200 லிட்டர் தொட்டி, பாறை, கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து 300 கிலோ வரை வரும். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் வாடகைக்கு இருக்கும் விக்டோரியா காலத்து வீடுகளின் மாடித் தளம் மரச்சட்டங்கள் மேல் நிற்பது. சட்டங்களுக்குக் குறுக்காக, பாரம் தாங்கும் சுவரை ஒட்டித் தொட்டியை வைக்காவிட்டால் கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஆபத்து.

இவையெல்லாம் பணமும் கவனமும் இருந்தால் தீரும் குறைகள். உணவு அப்படியல்ல. இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய பலவீனம் அங்கேதான் இருக்கிறது. கடலிலிருந்து வந்த குள்ளச் சிங்கமீன் முதலில் அசையாத எதையும் உணவாக ஏற்பதில்லை. உயிருள்ள நன்னீர் இறால்களை வாங்கி விடுகிறோம், மீன் ஆவலோடு தின்கிறது, நாம் நிம்மதியடைகிறோம். அந்த நிம்மதியில் நின்றுவிடுகிறவர்கள் மீனை மெல்லக் கொல்கிறார்கள். வாரந்தோறும் உயிரிரை வாங்கும் செலவு சலிப்பூட்டவே சிலர் மலிவான தங்கமீன் குஞ்சுகளைப் போடுகிறார்கள். தங்கமீனில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். நன்னீர் மீனின் கொழுப்பும் கடல்மீனின் உடலுக்கு ஒத்துவராது. வெளியே கொழுத்து அழகாகத் தெரியும் மீனின் ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். போடப்படும் தங்கமீனும் வலி உணரும் உயிர் என்பதை நான் சேர்த்தே சொல்வேன்.

சரியான வழி பொறுமையைக் கேட்பது. லான்ஸ்ஃபிஷ் என்ற மீனின் உறைந்த துண்டையோ இறால் சதையையோ நீண்ட குச்சியின் நுனியில் வைத்து, நீரோட்டத்தில் உயிருள்ளது போல ஆட்டிக் காட்ட வேண்டும். சில மீன்கள் சில நாளில் பழகும், சிலவற்றுக்கு வாரங்கள் ஆகும். பழகிய பின் வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை போதும். தினமும் ஊட்டுவது அன்பு என்று நினைப்பவர்கள் மீனின் ஈரலைத்தான் வதைக்கிறார்கள். ஃபஸியும் சீப்ராவும் இந்தப் பயிற்சிக்குப் பெரும்பாலும் இணங்கும். ஃபூ மான்சூ அப்படியல்ல. கூச்சம் மிக்கது, குகை இருளை விட்டு வெளியே வராதது, செத்த தீனியைப் பல நேரம் தொடவே மறுப்பது. மூன்றையும் ஒரே அலமாரியில் ஒரே பெயரில் வரிசையாக வைத்து விற்பது பெரும் பிழை.

இம்மீனின் முட்களில் உள்ள நஞ்சைப் பற்றிய பயம் மிகைப்படுத்தப்படுகிறது, அதே அளவுக்கு அலட்சியமும் செய்யப்படுகிறது. முதுகில் 13, குதத்துடுப்பில் 3, அடித்துடுப்புகளில் 2 என்று நச்சு முட்கள் உண்டு. மீன் தேடி வந்து குத்துவதில்லை. பாறையை நகர்த்தும்போதும் கண்ணாடியைத் தேய்க்கும்போதும், மீன் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கையை விடுவதால்தான் விபத்து நேர்கிறது. வலி கடுமையாக இருக்கும். அந்த நஞ்சு புரதத்தால் ஆனது, வெப்பத்தில் செயலிழப்பது. ஆகவே 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கையை வைக்க வேண்டும். குத்துப்பட்ட கை மரத்திருக்கும் என்பதால் சூட்டை மற்றக் கையால் சோதிக்க வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் 999.

சட்டம் இங்கே விந்தையான இடைவெளி விட்டிருக்கிறது. 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி நல்லபாம்பு வளர்க்க உரிமம் வேண்டும். அதன் பட்டியலில் மீன் ஒன்றுகூட இல்லை. 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் மீனையும் காக்கிறது, 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்பதைத் தடுக்கிறது. அப்படியானால் 16 வயது நிரம்பிய பள்ளி மாணவர் எந்த உரிமமும் இல்லாமல் நச்சுமுள் மீனை வீட்டுக்குக் கொண்டு போகலாம். உரிமம் வைத்தால் சரியாகிவிடும் என்று நான் கருதவில்லை. அந்தச் செலவு பொறுப்பானவரை விரட்டும், பொறுப்பற்றவரைக் கள்ளச்சந்தைக்கு அனுப்பும். ஆனால் இங்கிலாந்தின் 2018 விலங்கு விற்பனை உரிம விதிகளின்படி, கடைகள் வாங்குகிறவருக்குப் பராமரிப்பு விவரம் தர வேண்டும். அந்தத் தாளில் முதலுதவியும் தீனிப் பழக்கமும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று உள்ளூர் மாநகராட்சி கேட்டாலே பெரும்பகுதி சீராகும்.

மீன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி லண்டனுக்குப் புதிதல்ல. வீட்டுக்குள் கடலைக் கொண்டுவரும் ஆசை பிறந்த ஊர்களில் இதுவும் ஒன்று. 1846இல் அன்னா தைன் என்ற பெண்மணி டார்க்கியிலிருந்து பவள உயிரிகளைக் கொண்டுவந்து வெஸ்ட்மின்ஸ்டரில் வளர்த்தார். காற்று கலப்பதற்காக நீரை நாள்தோறும் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்ற வைத்தார். 1853இல் ரீஜென்ட்ஸ் பூங்காவின் விலங்குக்காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்தது, அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் நாடெங்கும் தொட்டி மோகத்தை மூட்டியது. அந்த மோகம் டெவன் கரையின் பாறைக் குட்டைகளை எப்படிச் சூறையாடியது என்று அவர் மகன் எட்மண்ட் 1907இல் வருத்தத்தோடு பதிவுசெய்தார். இன்று அந்தக் கை நீண்டு இந்துமாக்கடலைத் தொடுகிறது. 2003இல் கேம்பிரிட்ஜில் இயங்கும் ஐ.நா. சூழல் பாதுகாப்பு மையம் வெளியிட்ட ஆய்வு, உலகில் ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி கடல் அலங்கார மீன்கள் விற்பனையாவதாகக் கணக்கிட்டது. அவற்றில் மிகப் பெரும்பகுதி கடலில் பிடித்தவை. குள்ளச் சிங்கமீனும் அப்படித்தான். அது தொட்டியில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பசைப்பந்துகளாக இடும். ஆனால் நுண்ணிய குஞ்சுகளை உயிரோடு வளர்த்தெடுத்து வணிக அளவில் விற்கும் நிலை வரவில்லை.

இலங்கையின் பாறைகளும் இந்த வியாபாரத்துக்கு மீன் தருகின்றன. பிரித்தானிய ஆய்வாளர் எலிசபெத் வுட் 1985இலேயே பவளப்பாறை மீன்பிடிப்பு பற்றி எழுதியபோது இலங்கையையும் ஆராய்ந்தார். பருவக்காற்று மாற மாற மேற்குக் கரையிலிருந்து மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கமும், அங்கிருந்து மறுபடி மேற்குக்கும் முக்குளிப்பவர்கள் இடம் மாறுகிறார்கள். ஆழத்திலிருந்து வேகமாக ஏறி உடல் முடங்கியவர்கள் அவர்களுள் உண்டு. ஹீத்ரோவில் லண்டன் சிட்டி கார்ப்பரேஷன் நடத்தும் விலங்கு வரவேற்பு நிலையத்தில் இறங்கும் பெட்டிகளில் அந்த உழைப்பும் இருக்கிறது. ஆகவே கடலில் பிடித்தது என்பதற்காகவே இந்த மீனை ஒதுக்கிவிட நான் தயாரில்லை. தனியாக அமர்ந்திருக்கும் இந்த மெதுவான மீனைக் கைவலையால் பிடிக்கலாம், மீனை மயக்கிப் பிடிக்கும் சயனைடு தேவையே இல்லை. பாறைக்குச் சேதமில்லாமல் பிடித்த மீனுக்கு நல்ல விலை கொடுப்பது, அந்தப் பாறையைக் காக்கும் காரணத்தைக் கரையோரக் குடும்பங்களுக்குத் தரும். ஆனால் எந்தக் கடலில், எந்த முறையில் பிடித்தது என்று கடையில் கேட்டால் பதில் வர வேண்டும். பதில் வராத இடத்தில் இந்த வாதம் செல்லாது. ஃபாரஸ்ட் ஹில்லின் ஹார்னிமன் அருங்காட்சியகம் 2013இல் பவளங்களைத் தொட்டியிலேயே திட்டமிட்ட நேரத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அந்த அளவு உழைப்பு இம்மீனின் குஞ்சுகளுக்கும் கிடைக்கும் நாளில் கேள்வியே மாறிவிடும்.

கரீபியனைச் சீரழித்த சிங்கமீன் என்ற குற்றச்சாட்டை இதன் தலையில் சுமத்துவது சரியல்ல. 1985இல் ஃபுளோரிடாவில் முதலில் பதிவாகிப் பரவியது பெரிய டெரோயிஸ் இனம். தேம்ஸின் குளிரில் குள்ளமும் பெரியதும் உயிர் வாழ முடியாது. ஆயினும் சலித்துப்போன மீனை நீரில் விடுவது கொடுமை, 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றமும்கூட.

என் தீர்ப்பு இதுதான். ஃபஸியையும் சீப்ராவையும் லண்டன் வீட்டில் மனச்சான்றோடு வளர்க்கலாம், அவற்றுக்கென்றே தொட்டி ஒதுக்கினால். சிறுபிள்ளைகள் கைவைக்கும் உயரத்திலோ, யார் தொட்டியைத் தொடுகிறார்கள் என்று தெரியாத பகிர்வு வீட்டிலோ வேண்டாம். ஃபூ மான்சூவைத் தேர்ந்த வளர்ப்பாளர் தவிர வேறு யாருக்கும் விற்கவே கூடாது. வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் விரும்பும் மீன் உறைந்த தீனியைக் குச்சியிலிருந்து வாங்கித் தின்பதைக் கடையிலேயே உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வெறுங்கையோடு வீடு திரும்புங்கள்.