தண்ணி வரியும் தண்ணி பில்லும்

திருவண்ணாமலையில் வாடகை வீடு பார்க்கப் போனால், "தண்ணி வரி நாங்க கட்டிடுவோம், மோட்டார் கரண்ட்டை மட்டும் பங்கு போட்டுக்குங்க" என்பார் வீட்டுக்காரர். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இதே பேச்சில் 'தண்ணி பில்' என்றுதான் வரும். சொல்லில் இருக்கும் இந்த வேறுபாடு காசு கட்டும் முறையிலும் அப்படியே இருக்கிறது.

இலங்கையில் பெரும்பாலான குழாய் நீரை வீட்டு வாசல்வரை கொண்டு வந்து விற்பது ஒரே நிறுவனம்: 1975இல் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. மாதம் ஒருமுறை ஆள் வந்து மீட்டரைப் பார்த்துப் போவார்; அந்தக் கணக்கில் பில் வரும். ஒரு யூனிட் என்பது ஆயிரம் லிட்டர். முதல் ஐந்து யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த ஐந்துக்குக் கூடுதல் விலை என்று படிப்படியாக ஏறும்; மாதச் சேவைக் கட்டணம் தனி. அரசின் நலன்புரி உதவி பெறும் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. அரிசி பருப்பு வாங்கப் போன சூப்பர் மார்க்கெட்டிலேயே பில்லையும் கட்டிவிட்டு வரலாம். பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 2022இல், கட்டணம் எகிறியபோது வீட்டுக்கு வீடு யூனிட் கணக்குதான் பேச்சு.

திருவண்ணாமலைக்காரருக்கு அந்தப் பேச்சு புரியாது. சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. 2024இல் மாநகராட்சியான உள்ளாட்சி அதைத் தெருக்களுக்குப் பிரித்து விடுகிறது. குடிநீர்க் கட்டணத்தைச் சொத்து வரியோடு சேர்த்து அரையாண்டுக்கு ஒருதரம் கட்டுவதே பலரின் வழக்கம். நாலு குடம் பிடித்தாலும் நாற்பது குடம் பிடித்தாலும் தொகை ஒன்றுதான். இதில் ஒரு வேடிக்கை: கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உள்ளாட்சிகளுக்குக் கிலோலிட்டர் கணக்கில்தான் தண்ணீர் கொடுக்கிறது. ஊர் எல்லைவரை அளந்து வரும் தண்ணீர், தெருக் குழாய்க்குள் போனதும் கணக்கை விட்டுவிடுகிறது.

அதற்காக நாளைக்கே வாசலுக்கு வாசல் மீட்டர் மாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் குழாயில் முதலில் காற்றுதான் சீறும்; அந்தக் காற்றுக்கும் மீட்டர் சுற்றும்.

உண்மையான தண்ணீர்ச் செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. குடிக்க இருபது லிட்டர் கேன். முப்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இலங்கை யூனிட் கணக்கில் அது ஆயிரத்து ஐந்நூறு இந்திய ரூபாய். போர்வெல் மோட்டாருக்கு மின்சாரம், கோடையில் லாரி, இவை எதற்கும் தண்ணீர் என்ற பெயரில் ரசீது கிடையாது. தண்ணி வரியை ஐம்பது ரூபாய் ஏற்றினால் கொதிப்பவர்கள் கேன்காரரிடம் பேரம்கூடப் பேசுவதில்லை.

யாழ்ப்பாணம் இந்த இரண்டிலும் சேராது. அங்கே பலருக்கும் கிணறுதான். நீர் இறைக்கும் ஆடுகால் துலா இருந்த இடத்தில் இப்போது மோட்டார். கிணற்றுக்கு யார் பில் அனுப்புவது? தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு, கிணற்றோடே வாழ்ந்த வீடுகளுக்கும் மீட்டர் வரத் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து திருவண்ணாமலைக்குக் கார்த்திகை தீபம் பார்க்க வரும் ஒருவர், தங்கும் வீட்டில் "மாசம் எத்தனை யூனிட் ஓடுது?" என்று கேட்டால், வீட்டுக்காரர் மின்சார அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்.