கடற்கரை ஓவியரும் 1848இன் மாத்தளையும்

பெல்பாஸ்ற் நகரில் 1804இல் பிறந்த அன்றூ நிக்கொல், அயர்லாந்தின் வடகரையைத் தீட்டிப் பெயர் பெற்றவர். காட்டுப்பூக்கள் முன்னே பெரிதாய் நிற்க, அவற்றினூடே கடலும் இடிந்த கோட்டையும் தொலைவில் தெரியும். இதுவே அவரது முத்திரை. 1846இல் கொழும்பு அக்கடமிக்குச் சித்திர ஆசிரியராக வந்த அவர், 1848இல் ஐந்து வாரம் இலங்கைக் காடுகளில் வரைந்து திரிந்தார். 1852இல் டப்ளினில் வெளியான அவரது பயணக் கட்டுரையின் நீண்ட தலைப்பு, பாழடைந்த கோயில்கள், மாபெருஞ் சிலைகள், குளங்கள், தாதுகோபங்கள் என அடுக்கிச் செல்கின்றது. அப்பட்டியலில் மனிதர் இல்லை.

அதுவோ, ஜூலை இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பெற்று, மாத்தளை கிளர்ந்தெழுந்த ஆண்டு. துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி. வீதிக்கு ஆறு நாள் ஊழியம் அல்லது அதற்கீடான பணம். ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். வரி விதித்த அரசின் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனன்ற். அவர் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் நிக்கொலின் சித்திரங்கள் இடம்பெற்றன.

ஓவியரைக் குற்றவாளிக் கூண்டிலேற்றுவது எமது நோக்கமன்று. அவரது கைத்திறன் மெச்சத்தக்கதே. ஆயினும், நிலத்தைக் காடும் இடிபாடுமாகவே காணும் பார்வைக்கும், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்ட 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்துக்கும் உறவுண்டு என்பதே எம் கருத்து. ஆளற்ற காடு, கோப்பித் தோட்டத் துரைமாருக்கு வாய்ப்பான காடு. அத்தோட்டங்களை நாடி மன்னாரிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் மடிந்ததும் அவ்வடக்குக் காட்டுப் பாதையிலேதான்.