எழுபதுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

இலங்கையின் சாதாரண வீதிகளில் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் ஊர்மனைகளுக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50. அதிவேகப் பாதை எதுவும் திருகோணமலையை எட்டவில்லை. 180 கிலோமீற்றர் வேகத்தைத் தொடக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுத்து, இந்தத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் ஓட்டுவதால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறையக் கிடைக்கும் என்பதே என் பதில். அத்தகைய காரின் உச்ச வேகத்தில் பாதியைக்கூட இங்கே சட்டப்படி தொட முடியாது. ஆனால் அதன் சஸ்பென்ஷனை 40 கிலோமீற்றரிலேயே முழுதாக அனுபவிக்கலாம். வேகம் குறைந்தால் இயந்திரத்தின் பெருமை சுருங்கிப்போகும். சஸ்பென்ஷனின் பெருமை சுருங்காது. வீதி கெடக் கெட அது கூடும்.

நான் எடுத்தது முதல் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்டர். உலகம் எம்.எக்ஸ்.5 என்றும், ஜப்பான் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அறிந்த கார். 1989இல் வெளிவந்தது. அதன் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் தொஷிஹிகோ ஹிராய். 1.6 லீற்றர் இயந்திரம், ஜப்பானியக் கணக்கில் 120 குதிரைவலு, எடை ஏறத்தாழ 940 கிலோகிராம், முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பகிரப்பட்ட பாரம். இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றில் இதைவிட வலு அதிகம். ஆனால் ஹிராயின் குழு பணத்தையும் கவனத்தையும் கொட்டிய இடம் வேறு. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன். விலை மலிந்த சிறிய காருக்குப் பலரும் செலவழிக்கத் தயங்கும் அமைப்பு அது.

விஷ்போன் என்பது கவட்டை வடிவிலான ஓர் இரும்புக் கை. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடித்திருக்கும். மேற்கை கட்டையானது, கீழ்க்கை நீளமானது. ரசிக்க வேண்டிய நுட்பம் இந்த நீள வேறுபாட்டில்தான் இருக்கிறது. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது அந்தப் பக்கச் சக்கரம் உடலுக்குள் மேலேறும். கட்டையான மேற்கை சிறிய வட்டத்தில் சுழல்வதால் சக்கரத்தின் தலையைச் சற்று உள்ளே இழுக்கும். காரின் உடல் வெளியே சாய்கிறது. சக்கரம் உடலைப் பார்த்து உள்ளே சாய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, டயரின் அடி நிலத்தில் தட்டையாகப் படிந்திருக்கும். கணினியோ மின்சாரமோ இல்லாமல், ஆறேழு மூட்டுகளை எங்கே வைப்பது என்று தீர்மானித்த ஒருவரின் கணக்கு மட்டுமே இதைச் செய்கிறது.

இரட்டை விஷ்போனுக்கு எதிர்க்கட்சியின் ஆயுதம் மக்பர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் மேற்கையை எடுத்துவிட்டு, ஷொக் அப்சோபரையே ஒரு தூணாக்கி அதன்மீது காரை நிறுத்தினார். 1950இல் பிரிட்டனின் போர்ட் கொன்சல், செபிர் கார்களில் வந்த இந்த அமைப்பு இன்று உலகின் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தைத் தாங்குகிறது. மூட்டுகள் குறைவு, பிடிக்கும் இடம் குறைவு, செலவும் குறைவு. ஆனால் அமுங்க அமுங்கச் சக்கரத்தை உள்ளே சாய்க்கும் திறன் இதில் கரைந்துபோகும். கடும் வளைவில் கார் சாய்ந்தால் டயரும் கூடவே சாய்ந்து வெளி விளிம்பில் நிற்கும்.

திருகோணமலையில் கராஜ் வைத்திருக்கும் என் நண்பர் ஸ்ட்ரட்டின் பக்கம். காரை உயர்த்தி, அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்ததும் அவருடைய வழக்கு தொடங்கிவிட்டது.

“தம்பி, எண்ணிப் பாருங்கோ. ஒரு சில்லுக்கு எத்தனை புஷ், எத்தனை போல் ஜொயின்ட்? இந்த உப்புக்காத்து ஒரு றப்பரையும் விட்டு வைக்காது. ஸ்ட்ரட் எண்டால் ரெண்டு புஷ், ஒரு ஜொயின்ட், அவ்வளவுதான்.”

“புஷ் கூடினால் செலவு கூடும் அண்ணை, ஒத்துக்கொள்ளுறன். ஆனா சில்லு நிலத்தில இருக்கிற விதத்தைப் பாக்க வேணுமே?”

“போர்ஷ 911க்கு முன்னுக்கு என்ன இருந்தது? ஸ்ட்ரட்தானே. அவங்கள் ஓடேல்லையா?”

கனமான கேள்விதான். 1960களில் பிறந்த 911 அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டை வைத்துக்கொண்டே உலகப் புகழ் பெற்றது. 2012இல் வந்த டொயோட்டா 86 காரிலும் முன்னால் ஸ்ட்ரட்தான். அண்ணையின் வாதத்துக்கு இவை நல்ல சாட்சிகள். என் பக்கச் சாட்சியும் அதே போர்ஷதான். 2021இல் வந்த 911 ஜி.டி.3 காரில், வீதியில் ஓடும் 911 வரிசையிலேயே முதன்முறையாக முன்பக்கத்துக்கு இரட்டை விஷ்போன் பூட்டினார்கள். ஸ்ட்ரட்டை அவ்வளவு காலம் செதுக்கிச் செதுக்கிப் பார்த்தவர்களே அதன் எல்லையை அறிந்து மேலே போனார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

வாய்ப்பேச்சுக்கு மேல் தீர்ப்புச் சொல்லக்கூடியது வீதி. துறைமுகத்தைச் சுற்றி அதற்கு வேண்டிய எல்லாச் சோதனைகளும் இருக்கின்றன.

முதலில் கிண்ணியாப் பாலம். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான பாலம். அதுவரை அங்கே படகுப்பாதையில்தான் வாகனங்கள் கடந்தன. பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே கணத்தில் ஏறி இறங்கும். ஆகவே இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்பிரிங்கும் ஷொக்கும் மட்டும் தேர்வெழுதும் இடம் அது. ரோட்ஸ்டரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,265 மில்லிமீற்றர். 50 கிலோமீற்றரில் போனால், முன்சக்கரம் தட்டி ஒரு விநாடியின் ஆறிலொரு பங்கில் பின்சக்கரம் தட்டும். முன்பக்கம் தொடங்கிய ஊசலைப் பின்பக்கம் தாமதமாகத் தொடங்கி எட்டிப்பிடிக்க வேண்டும். அதற்காகப் பின்பக்கத்தைச் சற்று விரைவாக ஊசலாடும்படி அமைக்க வேண்டும் என்று 1930களிலேயே கண்டவர் மொறிஸ் ஒலி என்ற பொறியியலாளர். அந்தக் கணக்குச் சரியாக அமைந்த காரில் மூக்கு முன்னும் பின்னும் ஆடாது. உடல் முழுதும் ஒருமுறை எழுந்து ஒருமுறை தணியும். ரோட்ஸ்டர் பாலத்தை அப்படித்தான் கடந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அண்ணை வாயே திறக்கவில்லை. அவரிடம் அது பெரிய பாராட்டு.

அடுத்தது நிலாவெளி வீதி. உப்புவெளி தாண்டிச் சாம்பல்தீவுப் பக்கம் போகையில், எதிரே பஸ் வந்தால் ஒதுங்க வேண்டும். இடப்பக்கச் சக்கரங்கள் தாரின் விளிம்பிலிருந்து மணலுக்கு இறங்கும். வலப்பக்கம் தாரிலேயே நிற்கும். பாலத்தில் சும்மா இருந்த ஸ்டெபிலைசர் பார் இப்போது விழித்துக்கொள்ளும். இரு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குக் கம்பி அது. வளைவில் சாய்வைக் குறைக்கும், ஆனால் ஒரு சக்கரம் விழுந்தால் மற்றதையும் இழுக்கும். தடித்த கம்பி போட்ட காரில் இந்த இடத்தில் தலை இடமும் வலமும் வெட்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே விறைப்பு என்று நம்புகிறவர்கள் அந்த வெட்டைத் திறமையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். ரோட்ஸ்டரின் கம்பி மெல்லியது, ஸ்பிரிங் இளகியது. வளைவில் அது வெளிப்படையாகவே சாயும். சாய்ந்தாலும் டயர் தட்டையாக நிற்கும்படி விஷ்போன்கள் பார்த்துக்கொள்வதால், சாய்வுக்குப் பயந்து காரை விறைக்க வைக்கத் தேவையில்லை. நல்ல மூட்டமைப்பு இருந்தால்தான் மென்மையான ஸ்பிரிங்கைத் துணிந்து போடலாம். இந்தக் கலையின் மையம் அந்த உறவுதான். லோட்டஸ் நிறுவனத்தின் கொலின் சப்மன் 1962இன் எலான் காரில் செய்ததும் இதுவே. மஸ்டா குழு கண்முன் வைத்திருந்த காரும் அந்த எலான்தான். நீர்க்குடத்தோடு நடக்கும் பெண்ணின் கால்கள் மேடுபள்ளம் அத்தனையையும் வாங்கிக்கொள்ள, குடத்து நீர் அலம்பாமல் இருக்கிறதே, சப்மனும் ஹிராயும் தேடியது அந்த நடையை.

மூன்றாவது சீனக்குடா. பிரிமா மா ஆலையையும் சீமெந்து ஆலையையும் நம்பிக் கனரக லொறிகள் ஓடும் பகுதி. பாரவண்டிகள் தொடர்ந்து ஓடும் தாரில் சக்கரத்தடங்கள் வாய்க்காலாகப் பதியும். அகலமான டயர் போட்ட கார் அந்தத் தடத்தைக் கண்டால் தன் இஷ்டத்துக்கு அதன் வழியே இழுபடும். ஸ்டியரிங்கைப் பிடித்துச் சண்டையிட வேண்டும். ரோட்ஸ்டர் பிறந்தபோது அதற்குத் தந்தவை 185 மில்லிமீற்றர் அகல டயர்களும் 14 அங்குல வளையங்களும். அந்த ஒடுக்கமான டயர் தடத்தைத் தொட்டது என்று கைக்குச் சொன்னது, இழுக்கவில்லை. சொல்வதும் இழுப்பதும் வேறு என்று அறிவது இந்த ரசனையின் பாதி.

கடைசியாகக் கோட்டை. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டைக்குள்தான் இன்று சுவாமி மலைக்கு ஏறும் வழி போகிறது. புள்ளிமான்கள் எந்த மரநிழலிலிருந்தும் வீதிக்கு வரும். நடைவேகத்தை விடச் சற்றே கூடுதலாகப் போய், மானுக்காக நிறுத்தி, மறுபடி எடுக்கும் ஓட்டம். நிறுத்தும்போது மூக்கு நிலத்தைக் குத்துகிறதா, மெல்லத் தாழ்கிறதா என்பது விஷ்போன்களின் அச்சுகளை முன்பின்னாக எந்தச் சரிவில் பூட்டினார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. ரோட்ஸ்டர் தாழ்ந்தது, குத்தவில்லை. 20 கிலோமீற்றரில்கூட வடிவமைத்தவரின் கை தெரிகிற கலை இது.

நம் மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. அவர்களில் மூத்த தலைமுறை படித்த பள்ளிக்கூடம் மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான உருக்குக் கம்பி முறுகி எழும் டோர்ஷன் பார்தான். போர்ஷ 911 1989 வரை நம்பியிருந்ததும் அதே முறுக்குக் கம்பியைத்தான். மைனரில் ஷொக் அப்சோபரின் நெம்புகோலே மேற்கையாகவும் வேலை செய்யும். ஒரு பாகத்துக்கு இரண்டு பணி. டாக்டர்மாரும் ஆசிரியர்மாரும் ஓட்டிய அந்தச் சாதாரணக் காரின் அடியில் படுத்து வேலை பழகியவர்கள், தங்களை அறியாமலே உலகின் மிகச் சிறந்த சஸ்பென்ஷன் மனம் ஒன்றோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணையும் அவர்களில் ஒருவர். அவர் ஸ்ட்ரட்டுக்காக வாதாடினாலும், ரோட்ஸ்டரின் கீழ்க்கையைத் தடவிப் பார்த்த விதத்தில் மரியாதை இருந்தது.

வலு குறைந்த வண்டியே ஓட்டக் கற்றுத்தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலும் ஒரு பெரிய சான்று உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800 இயந்திரத்தை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். பார்முலா மாருதி என்ற அந்தச் சிக்கனமான வகுப்பில் ஓடியவர்களில் ஒருவர்தான், 2005இல் இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன். குடும்பக் காரின் குட்டி இயந்திரம் நேர்கோட்டில் யாரையும் காப்பாற்றாது. வளைவில் டயரைக் கேட்கத் தெரிந்தவரே முன்னே வருவார்.

வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக் காரைத் தேர்ந்தால் நல்லது. எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள். பெரிய வளையமும் பட்டையான டயரும் பூட்டிய கார் படத்துக்கு அழகு. இந்த வீதிக்குத் தண்டனை. ஸ்பிரிங் வெட்டிப் பதித்த காரைத் தொடவே வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டினால் சக்கரம் மேலேற இருக்கும் இடம் போய்விடும். ஒவ்வொரு பள்ளத்திலும் கை போய் றப்பர்த் தடுப்பில் மோதும். அந்த நொடியில் ஹிராயின் கணக்கு முழுதும் பாழ். ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றால் ஷொக் உயிரோடு இருக்கிறது, திரும்பத் திரும்ப ஆடினால் செத்துவிட்டது. டயர்க் காற்றையும் கேளுங்கள். இந்த ரோட்ஸ்டருக்கு நிறுவனம் சொன்னது 26 பி.எஸ்.ஐ. மட்டுமே. பாரமான கார்களின் பழக்கத்தில் 35 அடித்துத் தந்தால் டயரே கல்லாகிவிடும்; பிறகு சஸ்பென்ஷனைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

இறக்குமதி வரிக்குப் பிறகு இத்தகைய கார்களின் விலை இங்கே எங்களில் பெரும்பாலானவர்களின் கைக்கு எட்டாது. ஒரு வாடகை நாள் அந்தக் கதவைச் சற்றுத் திறந்துவைக்கிறது. அந்த நாளைப் படம் எடுப்பதிலும் எஞ்சினை உறுமவிடுவதிலும் தீர்த்துவிடாமல், ஒரு பாலத்தையும் ஒரு மணல் விளிம்பையும் ஒரு கோட்டை ஏற்றத்தையும் கவனமாகக் கடந்தால், அந்தக் காருக்குள் மறைந்திருக்கும் மிகச் சிறந்த வேலைப்பாடு உங்களுடையதாகும். அதற்கு அபராதச் சீட்டும் வராது.

அண்ணை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. “ஒருக்கா டொயோட்டா 86ஐயும் எடுங்கோ. அதே பாலம், அதே மணல், அதே 50. பிறகு கதைப்பம்” என்கிறார். நியாயமான வழக்கு அது. எழுபதுக்குள்ளேயே தீர்த்துவிடலாம்.