இரண்டு மில்லிமீட்டர் மடிப்புக்கு எந்தச் சாமணம்?

காகிதத்தில் பேருந்து செய்கிறவர்களுக்குக் கூரையும் பக்கச் சுவரும் பெரிய வேலையே இல்லை. ஸ்கேலை வைத்து அழுத்தினால் மடிந்துவிடும். ஆளைச் சோதிப்பது டிரைவர் பக்கத்துக் கண்ணாடிதான். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர் வரும் மலைப்பேருந்தை 1:50 அளவில் வரைந்தால், 10 மீட்டர் வண்டி 20 செ.மீ. ஆகிவிடும். கண்ணாடியின் கூடு 6 மி.மீ. உயரம், 3 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம். 160 ஜிஎஸ்எம் தாளின் கனமே சுமார் 0.2 மி.மீ. மடிக்க வேண்டிய விளிம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாளே தின்றுவிடுகிறது. இங்கே விரலுக்கு வேலை கிடையாது.

மதுரையில் உட்கார்ந்து மடிப்பதும் மன்னவனூரில் மடிப்பதும் ஒன்றல்ல. மத்தியானத்துக்கு மேல் மூட்டம் ஏறி, ஏரியையும் ஆட்டுப்பண்ணை மேய்ச்சல் வெளியையும் மறைத்த பிறகு தாளைத் தொட்டுப் பாருங்கள், துவண்டிருக்கும். காகித இழைகள் ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் உப்புகின்றன. மொடமொடப்பு போன தாள், கோடு போட்ட இடத்தில் மடியாமல் அரை மில்லிமீட்டர் தள்ளி மடியும். சுவரில் அது தெரியாது. கண்ணாடிக் கூட்டிலோ மூடியே பொருந்தாது. வெட்டிய உறுப்புகளை ஈரம் உறிஞ்சும் ஜெல் பொட்டலத்தோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பது இந்த ஊரில் கட்டாயம்.

முதலில் கோடு அழுத்தும் கருவி. கடையில் உருண்டை முனைக் குச்சிகள் செட்டாக விற்கிறார்கள். 200 ஜிஎஸ்எம் அட்டைக்கு அவை நல்லவை. சின்ன உறுப்புக்கு மை தீர்ந்த 0.5 ஜெல் பேனா போதும், அதைவிட மெல்லிய பள்ளம் வேறெதிலும் கிடைக்கவில்லை. கத்தியால் மேலாகக் கீறி மடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஈரம் ஏறிய தாளில் அது இழையோடு கிழித்துவிடும். வெளிப்பக்கமாகத் தெரியும் மடிப்புக்கு அச்சடித்த பக்கத்தில் அழுத்த வேண்டும். பள்ளம் வெளியே, புடைப்பு உள்ளே. மாற்றி மடித்தால் மூலை தடித்துப் போகும்.

அடுத்தது சாமணம். செல்போன் பழுது பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் 11, 15 எண் சாமணங்கள் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குகிறோம். எடுத்து வைக்க அருமையானவை, மடிக்க உதவாதவை. ஊசி முனை ஒரே புள்ளியில் பிடிப்பதால் உறுப்பு அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பும், மடிப்பு கோணலாகும். கூடவே முனை குத்திய தழும்பும் விழும். உள்பக்கம் வரிப்பல் வைத்த சாமணமாக இருந்தால் அந்த வரிகளெல்லாம் தாளில் பதிந்துவிடும்.

என் ஓட்டு அஞ்சல்தலை சேகரிப்போர் வைத்திருக்கும் தட்டை முனைச் சாமணத்துக்கு. முனை அகலமாக, பல் இல்லாமல், வழுவழுப்பாக இருக்கும். அஞ்சல்தலையில் கீறல் விழக்கூடாது என்று செய்தது நமக்கு அப்படியே பொருந்துகிறது. சாமணத்தின் விளிம்பை அழுத்திய கோட்டோடு ஒட்டிப் பிடியுங்கள். மடிய வேண்டிய பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதை மேஜையில் வைத்து, சாமணத்தையே திருப்புங்கள். தாளைத் தள்ள வேண்டியதில்லை, மேஜையே தள்ளிக்கொடுக்கும். 2 மி.மீ. மடல் நேர்க்கோட்டில் எழுந்து நிற்கும்.

வாங்கும்போது கடையிலேயே இரு முனைகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இறுக்கி அழுத்தும்போது நுனி விரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மலிவுச் சாமணங்களின் வியாதி அது.

பித்தளைத் தகடு மடிக்கும் பெண்டர், பிளாஸ்டிக் மாடல்காரர்களின் சொத்து. காகிதத்துக்கு அந்த விலை வீண் என்பது என் எண்ணம். எலும்பு மடிப்பான் ஒரு செ.மீ.க்கு மேற்பட்ட மடிப்புகளுக்கு மட்டும். அதுவும் இடையில் ஒரு துண்டுத் தாள் வைத்துத் தேய்க்காவிட்டால் பளபளவென்று கோடு விழும். பம்பரின் வளைவுக்கு சைக்கிள் ஸ்போக் ஒன்று போதும், 2 மி.மீ. கனம், சரியான வளைவு தரும்.

மன்னவனூருக்கென்று கூடுதலாக ஒன்று வாங்கச் சொல்வேன்: அழுத்தினால் திறந்து, விட்டால் தானே கவ்விக்கொள்ளும் சாமணம். வெள்ளைப் பசை நீர் வெளியேறித்தான் இறுகும். மூட்டத்தில் அது எளிதில் வெளியேறாது. குளிர் அதிகமான மார்கழி இரவில் ஒட்டினால் பசை தெளியாமல் சுண்ணாம்புபோல் வெளுத்து, பிடிப்பில்லாமல் உதிரவும் செய்யும். அதனால் ஒட்டும் வேலை வெயில் உள்ள முற்பகலில். பல் குத்தும் குச்சியின் நுனியில் பசை தொட்டு வைத்து, இந்தச் சாமணத்தைக் கவ்வவிட்டு, அடுத்த கண்ணாடியை மடிக்கப் போகலாம்.