ஓதலும் உரைத்தலும்: கல்முனைக் கரையோரத்தில் அறபு கற்றல் பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமூகம் தன் தாய்மொழியல்லாத பிறிதொரு மொழியை எதற்காகக் கற்கின்றது என்னும் வினா, அச்சமூகத்தின் பண்பாட்டு வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாததாகும். வழிபாட்டின் பொருட்டு ஒரு மொழி கற்கப்படலாம். உயர்கல்வியின் பொருட்டுக் கற்கப்படலாம். பிழைப்பின் பொருட்டும் கற்கப்படலாம். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை முதல் பொத்துவில் வரை பரந்துள்ள தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில் இம்மூன்று தேவைகளும் அறபு என்னும் ஒரே மொழியின்மீது வந்து குவிந்துள்ளன. ஆயின், முதலாவது தேவைக்கென வகுக்கப்பட்ட கற்றல் முறையே ஏனைய இரண்டுக்கும் போதுமானது என்றதோர் எண்ணம் நீண்டகாலமாக நிலவிவருகின்றது. அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமானது, அதனால் விளைந்த இழப்புகள் யாவை என்பன ஆராயத்தக்கன.

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ வளரும் குழந்தை, தமிழ் நெடுங்கணக்கைக் கற்கத் தொடங்கும் அதே பருவத்திலேயே ஓதப்பள்ளியில் அறபு எழுத்துகளையும் கற்கத் தொடங்குகின்றது. எழுத்து, உயிர்க்குறி, சொற்கூட்டு, பின்னர் திருமறையை உச்சரிப்பு விதிகள் வழுவாது ஓதுதல் என அக்கல்வி படிப்படியாக வளர்கின்றது. ஒலிப்பயிற்சி என்ற வகையில் இஃது மிகச் செம்மையானது. தமிழில் இல்லாத தொண்டை ஒலிகளையும் வல்லொலிகளையும் எட்டு வயதுக் குழந்தை பிழையின்றி ஒலிக்கின்றது. ஆனால், ஒலித்த வாக்கியத்தின் பொருள் யாது என்று வினவின் பெரும்பாலான குழந்தைகள் விடை கூறா. அவ்வினாவை எழுப்புவது அக்கல்வியின் நோக்கமும் அன்று. ஓதல் ஒரு வணக்கம். அதன் பெறுமானம் வேறு அளவுகோலால் அளக்கப்படுவது. எனவே ஓதப்பள்ளியைக் குறைகூறுதல் பொருந்தாது. ஓதத் தெரிந்தமையே மொழி தெரிந்தமையாகும் என்னும் மயக்கமே விமர்சனத்துக்கு உரியது.

இம்மயக்கம் என்றும் இருந்ததெனக் கூறுவதற்கில்லை. அறபுத் தமிழ் என வழங்கிய எழுத்து மரபு இதற்குச் சான்றாகும். அறபு எழுத்துகளுக்குச் சில குறிகள் சேர்த்து, ட, ண, ள முதலிய தமிழொலிகளுக்கும் இடம் வகுத்து, தமிழ் உரையையே அவ்வெழுத்தில் எழுதினர் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் ஆக்கங்கள் இவ்வழியே தமிழகத்திலும் இலங்கையிலும் பரவின. ஓதுவதற்கெனக் கற்ற எழுத்தே பொருளுணர்ந்து படிப்பதற்கும் வாயிலாகியமை இம்மரபின் தனிச்சிறப்பு. தமிழெழுத்துக் கல்வி வாய்க்காத பெண்கள்கூட அறபுத் தமிழ் நூல்களைப் படித்து மார்க்க விளக்கம் பெற்றனர். இருபதாம் நூற்றாண்டில் பாடசாலைக் கல்வியும் தமிழெழுத்து அச்சும் பரவ, இம்மரபு அருகிப்போயிற்று. அதனோடு, எழுத்துக்கும் பொருளுக்கும் இடையே இருந்த பாலமும் தளர்ந்தது.

உயர்கல்வித் தளத்தில் நிலைமை வேறாக உள்ளது. அட்டாளைச்சேனைக் கிழக்கிலங்கை அறபுக் கல்லூரி போன்ற கலாசாலைகள் சொல்லிலக்கணத்தையும் தொடரிலக்கணத்தையும் முறையாகக் கற்பிக்கின்றன. அறபு, க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம். 1995இல் தோற்றம்பெற்று ஒலுவிலில் வளர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அறபு மொழிக்கும் எனத் தனிப் பீடமே உண்டு. எனினும் இந்நிறுவனங்களில் பயிலும் அறபு, பெரிதும் நூலறபு. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை அறிந்த நமக்கு, நூலறபுக்கும் வளைகுடா நாடுகளின் வீட்டுமொழிக்கும் உள்ள தூரத்தை உணர்தல் அரிதன்று. ‘நீ விரும்புகிறாய்’ என்பதற்கு நூலறபு ‘துரீது’ என்னும். வளைகுடாப் பேச்சு ‘தபி’ என்னும். முன்னதைப் பட்டப்படிப்பில் கற்றவர்க்கே பின்னது புதிதாயின், ஓதப்பள்ளியோடு நின்றவர் நிலை சொல்லாமலே விளங்கும்.

அவ்வாறு நின்றவர்களே வளைகுடாவுக்குப் பெருந்தொகையாகச் சென்றனர். 1970களின் எண்ணெய் விலையேற்றத்தை அடுத்து அந்நாடுகள் தொழிலாளரை வேண்டின. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவாயிற்று. கிழக்குக் கரையிலிருந்து ஆண்கள் சாரதிகளாகவும் கட்டடத் தொழிலாளராகவும், பெண்கள் வீட்டுப் பணியாளராகவும் சென்றனர். மௌத்து, ஹயாத்து, ஸபூர், துஆ என அவர்களுடைய அன்றாடத் தமிழிலேயே அறபுச் சொற்கள் நிறைந்திருந்தன. மரணத்துக்கும் வாழ்வுக்கும் பொறுமைக்கும் வேண்டுதலுக்கும் அறபில் சொல் இருந்தது. சமையலறைக்கும் சம்பளத்துக்கும் நோவுக்கும் இல்லை. புறப்படுமுன் அளிக்கப்பட்ட சில வாரப் பயிற்சி, ஏவல்களை விளங்கிக்கொள்ளும் அளவுக்கே மொழியைத் தந்தது.

எஞ்சியதை அவர்கள் அங்கேயே உருவாக்கிக்கொண்டனர். ஆசியத் தொழிலாளரும் அறபு முதலாளிமாரும் தம்முள் வழங்கும் கலப்புப் பேச்சை மொழியியலார் ஒரு தனிவகை இடைமொழியாகவே ஆராய்ந்துள்ளனர். அதில் வினைத்திரிபு இல்லை. காலமும் பாலும் எண்ணும் பெரும்பாலும் இல்லை. உண்டு என்பதற்கு ‘ஃபீ’, இல்லை என்பதற்கு ‘மாஃபீ’ என்னும் இரு சொற்களே இலக்கணத்தின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. எழுத்தறிவும் ஆசிரியரும் இன்றி ஒரு தொடர்பு மொழியைப் படைத்துக்கொண்ட உழைப்பாளரின் மதிநுட்பம் போற்றற்குரியதே. ஆயினும் அம்மொழியின் எல்லையையும் நோக்குதல் வேண்டும். அது பணி செய்வதற்குரிய மொழி. நடந்ததை நிரல்பட எடுத்துரைக்கவும், ஏன் நடந்தது என்று காரணம் காட்டவும், குற்றச்சாட்டை மறுக்கவும் அதனால் இயலாது. சுருங்கக்கூறின், அஃது ஏவல் கேட்க உதவும். சாட்சி சொல்ல உதவாது.

மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கின் முடிவு இவ்வெல்லையின் கொடுமையை உலகறியச் செய்தது. 2005 மே மாதம் சவூதி அறேபியா சென்ற அவர், அம்மாதமே தம் பொறுப்பிலிருந்த கைக்குழந்தையின் இறப்புத் தொடர்பில் கைதானார். 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி சம்பவத்தின்போது அவருக்குப் பதினேழு வயது. அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்றும், தமிழுக்கும் அறபுக்கும் இடையே போதிய திறன் உடையவராக இருந்தாரா என்பதே ஐயத்துக்குரியது என்றும் சர்வதேச மன்னிப்புச் சபை சுட்டிக்காட்டியது. அவ்வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். அவ்வழக்கில் வறுமை, வயது, தரகு, சட்டம் எனப் பல காரணிகள் பின்னிக்கிடந்தன. மொழி அவற்றுள் ஒன்றே. எனினும் ஏனையவற்றை எடுத்துரைப்பதற்கான வாயிலும் அதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஓர் அயல்மொழி அறியாதோரை அந்நாடு எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதிலும் இவ்விடயத்தின் பெரும்பகுதி தங்கியுள்ளது. இதற்கு ஒப்புநோக்கத்தக்கது டென்மார்க்கின் அனுபவம். 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் இலங்கையிலிருந்து அகதிகளாகச் சென்ற தமிழர் யூலாந்தின் ஹேர்னிங், பிராண்டே முதலிய நகரங்களிலும் குடியேறினர். அவர்கள் எதிர்கொண்ட டேனிஷ் மொழி எளிதானதன்று. எழுத்தில் நிற்கும் மெய்கள் பல பேச்சில் மெலிந்தோ மறைந்தோ போகும். ஐம்பது என்னும் எண்ணுக்கான சொல்லே ‘இரண்டரை இருபது’ என்னும் கணக்கிலிருந்து பிறந்தது. ஓதும் மரபின் வழியாகவேனும் அவர்களுக்கு அம்மொழியோடு முன்னுறவு இருந்ததில்லை. ஆனால், அங்கு மொழி கற்றல் தனிமனிதரின் திறமைக்கோ அதிர்ஷ்டத்துக்கோ விடப்படவில்லை. 2004 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்கின்படி, எழுத்தறிவற்றோர், குறைந்த பள்ளிக்கல்வி உடையோர், நிறைந்த கல்வி உடையோர் என மூவகையாகக் கற்போரைப் பிரித்து, ஒவ்வொரு நெறியும் ஆறு படிகளாக வகுக்கப்பட்டது. படித்தவர்க்கும் படியாதவர்க்கும் ஒரே பாடம் பொருந்தாது என்னும் உண்மை அவ்வமைப்பில் அங்கீகாரம் பெற்றது.

இதனை மிகைப்படுத்திப் புகழ்தலும் தகாது. அதே மொழித் தேர்வு பின்னர் நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் நிபந்தனையாகி, வாயிலாக அமைந்த மொழியே வேலியாகவும் மாறிற்று. ஆயினும், தன் நாட்டில் வாழ்பவன் தன் மொழியைப் பேசவேண்டும் என அந்நாடு எதிர்பார்த்தது. வளைகுடாவின் கபாலா முறையோ பணியாளரைப் பொறுப்பாளர் ஒருவரின் கீழ் இருத்திற்று. அவரிடம் உழைப்பை எதிர்பார்த்தது, பேச்சை எதிர்பார்க்கவில்லை. பேச எதிர்பார்க்கப்படாதவர் மொழி கற்பதற்கு எவ்வித ஏற்பாடும் தோன்றாமை வியப்பன்று.

இவ்விடைவெளி இலக்கியத் தளத்திலும் தன் அடையாளத்தை விட்டுச்சென்றுள்ளது. கல்முனைக்குடியிற் பிறந்த எம்.ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட ‘பலஸ்தீனக் கவிதைகள்’ தமிழில் ஒரு திருப்புமுனையான மொழிபெயர்ப்பு. மஹ்மூத் தர்வீஷ் முதலானோரின் குரலைத் தமிழுக்குக் கொணர்ந்து, எண்பதுகளின் ஈழத்து எதிர்ப்புக் கவிதைக்கு உரமூட்டியது அது. சொற்பகட்டின்றிப் பேச்சோசையை ஒட்டி நடக்கும் அதன் தமிழ் இன்றும் தன் வலிமையை இழக்கவில்லை. அக்கவிதைகள் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கு வந்தன. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. உலகக் கவிதையின் பெரும்பகுதி நமக்கு அவ்வழியேதான் வந்துள்ளது. ஆனால் வீடுதோறும் அறபு ஒலிக்கும் ஒரு கரையோரத்துக்கு அறபுக் கவிதை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

அச்சுற்றுவழியில் நேரக்கூடிய இழப்பை ஒரு சொல்லைக்கொண்டு விளக்கலாம். பலஸ்தீனக் கவிதையின் உயிர்ச்சொற்களுள் ஒன்று ‘ஷஹீத்’. நேர்மைக்காக உயிர் நீத்தவர் என்னும் பொருளோடு, ‘சாட்சி’ என்னும் அடிப்பொருளும் அதன் வேரில் உண்டு. நீதிமன்றத்தில் அளிக்கும் சாட்சியத்துக்கும் அவ்வேரிலிருந்தே சொல் பிறக்கின்றது. ஆங்கிலத்தில் ‘மார்ட்டர்’ ஆகி, தமிழில் ‘தியாகி’ ஆகும்போது ஈகைப் பொருள் நிற்கின்றது. சாட்சிப் பொருள் உதிர்கின்றது. இத்தனைக்கும் கல்முனை வாசகருக்கு ‘ஷஹீத்’ அயற்சொல்லன்று. பாங்கொலியில் நாள்தோறும் ஐந்து வேளை கேட்கும் ‘அஷ்ஹது’ என்னும் சொல்லுக்கு ‘நான் சாட்சி கூறுகின்றேன்’ என்பதே பொருள். ஒலி உள்ளூரில் இருந்தது. பொருள் ஆங்கிலத்தைச் சுற்றி வந்தது.

எனவே, இக்கரையோரத்தின் அறபுக் கல்வியை மதிப்பிடுவோர், எத்தனை பேர் ஓதுகின்றனர், எத்தனை பேர் பட்டம் பெறுகின்றனர் என்னும் கணக்கோடு அமையலாகாது. ஒலுவிலில் அறபு கற்கும் மாணவர் அறபுக் கவிதையை நேரே தமிழாக்குகின்றாரா, வளைகுடாப் பேச்சுமொழிக்குத் தமிழ் வழியான பாடநூல் ஒன்று அங்கிருந்து எழுகின்றதா, புறப்பட நிற்கும் பெண்ணுக்கு ‘எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’, ‘நான் இதைச் செய்யவில்லை’ என்னும் வாக்கியங்கள் கற்பிக்கப்படுகின்றனவா என்பனவே உரிய அளவுகோல்கள். ஓதற்கல்வி செவ்வொலியை ஏற்கெனவே அளித்துள்ளது. பிறர் பல ஆண்டு முயன்றும் அடையாத அவ்வளத்தின்மீது பொருளைக் கட்டியெழுப்பும் பொறுப்பு, அதனைக் கற்றறிந்த பல்கலைக்கழகத்தாருடையது.