தூக்கிய வண்டிக்கு இறங்கவும் தெரிய வேண்டும்

இரண்டு அங்குலம் உயர்த்திய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வேகத்தடைகளில் ஏறும்போது ஒரு தொல்லையும் தராது. தொல்லையெல்லாம் இறங்கும்போதுதான். பின்சக்கரம் தடையைத் தாண்டி விழுந்ததும் அடியிலிருந்து 'டங்' என்று ஒரு இடி. பல மாதங்களாக என் வண்டியில் இருக்கும் ஓல்டு மேன் ஈமு நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட் ஷாக்குகள் அந்த இடியை அடியோடு நிறுத்திவிட்டன. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி தயாரிப்பு, இரட்டைக் குழாய், நைட்ரஜன் வாயு என்ற விவரமெல்லாம் தெரிந்ததுதான். எனக்கு முக்கியம் அந்த அமைதி.

இடி ஏன் வருகிறது? வி-கிராஸுக்குப் பின்னால் கமான் பட்டை. லிஃப்ட் கிட் போட்டதும் சேசிஸ் அச்சை விட்டு ஐந்து சென்டிமீட்டர் மேலே போகிறது. கம்பெனி ஷாக்கின் நீளம் மாறுவதில்லை. அதனால் வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் ஏறக்குறைய அந்த அளவுக்கு நீண்டுதான் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மிச்ச நீளமும் சட்டென்று தீர்ந்து, உள்ளே பிஸ்டன் முட்டுகிறது. கம்பெனி ஷாக்கைக் குறை சொல்ல முடியாது. உயர்த்தாத வண்டிக்கு அளந்து செய்தது அது.

ஆகவே பிராண்டைக் கேட்பதற்கு முன் டேப்பை எடுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் அச்சு எவ்வளவு இறங்குமோ அந்த நிலையில் இரண்டு மவுண்ட்டுக்கும் நடுவே அளந்தால், ஷாக்கின் நீட்டிய நீளம் தெரியும். அச்சு பம்ப் ஸ்டாப்பைத் தொடும் நிலையில் அளப்பது இரண்டாவது அளவு. ஷாக்கின் மடங்கிய நீளம் இதைவிடக் குறைவாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப் வாங்க வேண்டிய அடியை ஷாக் வாங்கும், மவுண்ட் பெயரும். நீளமான ஷாக் எல்லாம் நல்ல ஷாக் இல்லை என்பது இதனால்தான்.

எனக்குக் கோபம் வருவது, "சார், இது நல்லா ஹார்டா இருக்கும்" என்று விற்கிறவர்கள் மேல். ஹார்டாக இருப்பது எப்படி ஒரு தகுதியாகும்? இரும்பு பம்பரும் வின்ச்சும் சுமக்கிற வண்டிக்கு அமைத்த ஷாக்கைக் காலிப் பிக்கப்பில் மாட்டினால், பின்பக்கம் துள்ளும்; மழைச்சாலையில் டயர் பிடிப்பை விடும். டயரைத் தரையோடு வைத்திருப்பதுதான் ஷாக்கின் வேலை. ஈமு மேல் எனக்கு இருக்கும் விசுவாசம் இங்கேதான் பிறந்தது: வண்டி வழக்கமாக எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று பார்த்து ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஜோடி சேர்க்கிற முறை அது.

பில்ஸ்டீனின் ஒற்றைக் குழாய் ஷாக் சூட்டை வேகமாக வெளியேற்றும். கரடுமுரடான பாதையில் மணிக்கணக்கில் விரட்டுகிறவர்களுக்கு அதுதான் சரி. சென்னையின் சி.டி.எச். சாலையில் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை நெரிசலில் ஊர்ந்து, எப்போதாவது காட்டுப்பாதை பார்க்கிற வண்டிக்கு இரட்டைக் குழாயின் மென்மையே போதும்.

இறக்குமதிச் சரக்கு, விலை கடிக்கும். நான்கையும் வாங்கக் கட்டுப்படியாகவில்லையென்றால் லிஃப்ட்டை ஒரு அங்குலமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மிச்சம் பிடிக்கலாம், ஷாக்கில் கூடாது.